டாக்டர் நஃபீசா காத்துத் தந்த செவி

சென்ற வாரம் கரையான்சாவடியிலிருந்து தொலைபேசியில் செய்தி வந்தது: டாக்டர் நஃபீசா மறைந்துவிட்டார். நான் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. அவரை அறியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்கு நுரையீரலில் புற்றுநோய். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். அறுவைக்குப் பின் பிளாட்டினம் கலந்த மருந்தை ஏற்ற வேண்டும் என்றார்கள். பூந்தமல்லியில் ஒரு சிறிய மருத்துவமனையில் அதை நஃபீசா செய்துவந்தார்.

முதல் நாள், பஸ்ஸில் போகும்போது சிறுநீர் கழிக்க நடுவழியில் இறங்க நேரும் என்று என் கணவர் காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை. டாக்டர் மருந்தைத் திறக்கவில்லை. முதலில் பாட்டில் பாட்டிலாகச் சலைன். சிறுநீரை அளந்து பார்த்த பிறகே மருந்து.

"இன்னா டாக்டரம்மா, இது ஆஸ்பத்திரியா, தண்ணிப் பந்தலா?" என்றார் இவர். எவ்வளவு முயன்றும் இவர் பேச்சை நான் திருத்த முடிந்ததில்லை.

"பந்தல்தான் அண்ணே. இந்த மருந்து கிட்னியில தங்கக் கூடாது, ஓடிக்கிட்டே இருக்கணும்."

நோயாளியை டாக்டர் 'அண்ணே' என்பது கான்வென்டில் படித்த எனக்கு உவப்பாக இல்லை. போகப் போகப் பழகிவிட்டது.

மூன்றாம் முறைக்குப் பின், தன் கைக்கடிகாரம் மணிக்கொரு முறை ஒலிப்பது நின்றுவிட்டதாகவும் பாட்டரி மாற்ற வேண்டும் என்றும் இவர் சொன்னார். எனக்கு அது தெளிவாகக் கேட்டது. இந்த மருந்து காதைக் கெடுக்கலாம் என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். டாக்டரிடம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் இவர். "சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. உசுரு முக்கியமா, காது முக்கியமா?"

அடுத்த முறையும் டாக்டர் வழக்கம்போலக் காதைப் பற்றி விசாரித்தார்.

"ஃபேக்டரிக்காரன் காது இரையத்தான செய்யும்?"

"ஃபேக்டரிக்குப் போயி எத்தனை மாசமாவுது அண்ணே?"

நான் கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். இவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மருந்து ஏறவில்லை. காதுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவைப் பார்த்துவிட்டு, "போனது திரும்பாது அண்ணே. இருக்கறதக் காப்பாத்துவோம். நான் மருந்த நிறுத்தல, மாத்துறேன்" என்றார். அதே பிளாட்டினம் வகையில் அப்போது புதிதாக வந்திருந்த மருந்து அது. காதையும் சிறுநீரகத்தையும் அவ்வளவாகத் தொடாது. ஆனால் ரத்த அணுக்களைக் குறைத்துவிடும். எண்ணிக்கை குறைந்திருந்த நாள்களில், இவர் எவ்வளவு கெஞ்சினாலும் ஊசியைத் தொடாமல் திருப்பி அனுப்பினார்.

அதன்பின் இவர் சில ஆண்டுகள் நன்றாக இருந்தார். கடிகார ஒலி மட்டும் கடைசிவரை கேட்கவில்லை.

போய் வாருங்கள், டாக்டர். என் கணவர் விடைபெற்ற அன்று, தலைமாட்டில் குனிந்து நான் மெல்லிய குரலில் சொன்னது அவருக்குக் கேட்டது. மறுபடி சொல்லச் சொல்லவில்லை.