மழையில் காயப்போட்ட ஹவுஸ்கோட்

சவர்க்கார வாசம் வந்தால் எனக்கு இன்றைக்கும் ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்த எங்கள் பழைய வீட்டு முற்றம்தான் ஞாபகம் வரும்...

துறைமுகப் பக்கம் கப்பல் ஊதும். நானும் தம்பியும் வாளியடியில் குந்தியிருப்போம். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஏழு.

அம்மாவும் அப்பாவும் உள்ளே படுத்திருப்பார்கள். இரண்டு பேருக்கும் கசிப்புக் குடி. மத்தியானம் வரை எழும்ப மாட்டார்கள்.

நான் ரொட்டி சுடுவேன், தம்பி தேங்காய் துருவுவான். அதெல்லாம் பெரிய பாடில்லை. ஊருக்குத் தெரிந்தால் பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிற கந்தோர் ஆட்கள் வந்து என்னை ஒரு விடுதியிலும் அவனை வேறொரு விடுதியிலும் விட்டுவிடுவார்கள் என்பதுதான் பயம். பக்கத்து ஒழுங்கையில் அப்படி நடந்திருந்தது.

அதனால் பள்ளிக்கூடம் போகுமுன் அம்மா வீட்டில் போடுகிற பூப்போட்ட ஹவுஸ்கோட்டை நனைத்துக் கொடியில் போடுவோம். அம்மா விடியவே எழும்பித் துவைத்துவிட்டா என்று பார்க்கிறவர்கள் நினைக்கட்டும்... யோசனை தம்பியுடையது. தன்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு அவனுக்கு.

ஒருநாள் மாரி மழை கொட்டியது. அன்றைக்கும் போட்டோம். பழக்கதோஷம்.

வேலிக்கு அங்கால் நூறா மாமி குடையோடு நின்றா. கிண்ணியாவில் இருந்து வந்து பக்கத்து வீட்டில் குடியிருந்தவ.

"மழைக்குள்ள ஆராச்சும் உடுப்புக் காயப்போடுவாங்களா புள்ள?"

தம்பி அழத் தொடங்கினான். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்கோ மாமி, எங்களைப் பிரிச்சுப்போடுவினம்."

மாமி உள்ளே போனா. திரும்பி வந்து தன்னுடைய பச்சை ஹவுஸ்கோட் ஒன்றை வேலிக்கு மேலால் நீட்டினா.

"மாத்தி மாத்திப் போடுங்க. ஒரே உடுப்பு ஒரு மாசமாக் காயுது, பாக்கிறவங்களுக்கு விளங்காதா? பள்ளி விட்டா நேரா இஞ்ச வாங்க. சோறு இரிக்கி."

பிறகு மாமி எங்களைவிட நன்றாக நடித்தா. றோட்டில் ஆள் போனால் எங்கள் வீட்டைப் பார்த்து, "என்ன தங்கச்சி, விடியவே துவைச்சிட்டீங்களா" என்று கேட்பா. உள்ளே அம்மா குறட்டை... நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

அது சரியோ பிழையோ, எனக்குத் தெரியாது. எங்களை ஒருவரும் பிரிக்கவில்லை. மாமி வீட்டுச் சோறும் மீன் ஆணமுமாக வளர்ந்தோம், சந்தோசமாகத்தான் வளர்ந்தோம்.

அப்பா கடைசி வரை குடியை விடவில்லை. அம்மா விட்டா, நான் கலியாணம் கட்டிய பிறகு. இப்போது என்னோடுதான் இருக்கிறா. தம்பிக்குச் சீனன்குடாவில் வேலை, வீடு எனக்கு அடுத்த வளவு.

நேற்றுப் பின்னேரம் திடீர் மழை. அவரவர் கொடிக்கு ஓடினோம். தம்பி தன் பிள்ளைகளின் சட்டைகளை அள்ளிக்கொண்டு வேலிக்கு அங்கால் நின்று சொன்னான்:

"அக்கா, அம்மாட ஹவுஸ்கோட்டை விடு. அது நனைஞ்சு பழகினது."

அடுப்படியில் நின்ற அம்மா குசினி யன்னலால் எட்டிப் பார்த்தா. "என்னத்துக்கு இவன் இப்பிடிச் சிரிக்கிறான்?" அவவுக்கு இன்றுவரை தெரியாது.

விடியவே எழும்பி அவ தன் கையால் துவைத்துப் போட்டது அது. நான் முதலில் அதைத்தான் எடுத்தேன்.