வணிகம் மட்டும்

என் மகள் படித்தது இரட்டைப் படிப்பு. வணிகவியலும் பன்னாட்டு உறவுகளும் சேர்ந்த ஒரே பட்டம். எண்பத்தெட்டு மாணவர் கிளர்ச்சிக்குப் பிறகு ரங்கூனை விட்டுப் போன என் அண்ணன் ஆஸ்திரேலியாவில் இருந்தான். அவன் வீட்டில் தங்கிக்கொண்டு அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். ரங்கூனில், தாகேதா வட்டாரத்தில் எங்கள் தெருவில் யார் கேட்டாலும் நான் பாதியைத்தான் சொல்வேன்.

"வணிகம் படிக்கிறா. கணக்கு வழக்கு."

அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கணக்கு எழுதுகிறவளைக் கண்டு யாருக்கும் பயமில்லை. பன்னாட்டு உறவு என்றால் அரசாங்கம், எல்லை, அடுத்த நாட்டுக்காரன் என்று பேச்சு போகும். அந்தச் சொல்லை வாசலுக்கு வெளியே கொண்டு போக எனக்குத் துணிவில்லை. இந்த ஊர்த் தமிழர்கள் எதையும் முழுதாகச் சொல்லிப் பழகியவர்கள் அல்லர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு பர்மியப் பெயர், வீட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர். தமிழ்ப் பெயரைக் கேட்டால் பர்மியப் பெயரைச் சொல்வோம். ஊர் எது என்றால் பிறந்த தெருவைச் சொல்வோம். கேட்டவர் திருப்தியடையும் அளவுக்கு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது எங்களுக்குக் கைவந்த பழக்கம். பொய் என்று நாங்கள் அதை நினைத்ததில்லை.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. எண்பத்தெட்டில் நான் கல்லூரியில் வணிகவியல் உதவி ஆசிரியை. மகளுக்கு அப்போது ஒரு வயது. கல்லூரியை மூடினார்கள். நெடுநாள் கழித்துத் திறந்தபோது பழைய வருகைப் பட்டியலையே என் கையில் கொடுத்தார்கள். பெயரைக் கூப்பிடுவேன். பதில் வராது. முதலில் நிமிர்ந்து பார்த்தேன். பிறகு பார்க்காமலே அடுத்த பெயருக்குப் போகக் கற்றுக்கொண்டேன். வகுப்பும் அந்தச் சில நொடிகள் தலையைக் குனிந்துகொள்ளும். அந்த வேலையில் நான் நீடிக்கவில்லை. வீட்டிலேயே மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினேன்.

2007 மழைக்காலத்தில் மகள் வந்து இறங்கினாள். படிப்பின் ஒரு பகுதியாக ஏதாவது ஒரு துறைமுக நகரத்தில் சில மாதம் தங்கி ஒரு சரக்கைப் பின்தொடர வேண்டுமாம். அவள் தேர்ந்தெடுத்தது உளுந்து. விளைகிற இடத்திலிருந்து தன்லியின் என்ற ஊரின் கிடங்கு, அங்கிருந்து அலோன் படகுத்துறை, பிறகு கப்பலில் சென்னை. யார் விலை வைக்கிறார்கள், யாருக்கு ஏற்றுமதி அனுமதி கிடைக்கிறது, மூட்டை சுமக்கிறவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்று எழுத வேண்டும்.

என் கணவர் அலோனில் சரக்கு சரிபார்க்கும் எழுத்தர். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உலகத்தப் படிக்கிறேன்னு விமானம் ஏறிப் போனா. கடைசில அப்பன் நிக்கிற படகுத்துறைக்கே வந்து நிக்கிறா பாரு."

"மெட்ராஸ்ல இட்லி வேகணும்னா நீங்க மூட்டை எண்ணணும்பா. அதுதான் பன்னாட்டு உறவு," என்றாள் அவள்.

"அத மெதுவாப் பேசு," என்றேன் நான்.

"உளுந்துன்னு சொல்றதுக்குக்கூட மெதுவாவா? என்னம்மா இது, பாதி டிகிரிக்கு நீங்க வெளியில பேரே சொல்றதில்ல. அந்தப் பாதிதான்ம்மா எனக்குப் பிடிச்சது."

அவள் தினமும் தகப்பனாரோடு பஸ் ஏறிப் போனாள். மூட்டைக்காரர்களோடு தேநீர் குடித்தாள். இருட்டுமுன் திரும்பிவிடுவாள்.

அந்த ஆண்டு எரிபொருள் விலை ஏறியதும், பிக்குகள் தெருவில் இறங்கி நடந்ததும், பிறகு ராணுவம் இறங்கியதும் எல்லாருக்கும் தெரியும். ஒரு மதியம் அவள் வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தாள். தொட்டியடியில் நின்று கால்களைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தாள். எங்கே, யார், எப்படி என்று நான் கேட்டதற்கு, "ஓடி வந்துட்டேன்மா," என்று மட்டும் சொன்னாள். முற்றத்தில் நின்ற எனக்குப் பழைய வகுப்பறைதான் நினைவுக்கு வந்தது. அவளை உடனே திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதன்பின் எனக்கு வேறு எண்ணமே ஓடவில்லை.

அந்தக் காலத்தில் ஊர் திரும்பியவர்கள் மறுபடி வெளிநாடு போக அனுமதி வாங்க வேண்டும். அதற்கு முதலில் வட்டாரத் தலைவரின் சிபாரிசு தேவை. அவர் பர்மியர். எங்கள் தெருக்கோடியில்தான் வீடு. அவருடைய மகள் என்னிடம்தான் படித்தாள். என்னைச் 'சயாமா' என்பார்; ஆசிரியை என்று மரியாதையாகச் சொல்வது. நானே போய்க் கேட்டேன்.

"சின்னவ என்ன படிக்கிறா, சயாமா?"

"வணிகம்."

"நல்லது. உங்க புத்தி அவளுக்கும் வந்திருக்கு. வந்து ஒரு நடை முகத்தக் காட்டச் சொல்லுங்க, கொடுத்துடலாம்."

மறுநாள் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்; அவள் தனியாகப் போனாள். அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவள் முழுப் பதிலையும் சொல்லியிருக்கிறாள், உளுந்து உட்பட.

மாலையில் அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். குரலில் கோபம் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சயாமா, அவ சொன்னதுல எனக்கு ஒண்ணும் தப்புத் தெரியல. உளுந்துதானே. ஆனா நீங்க ஏன் பாதியச் சொன்னீங்க?"

"சுருக்கமாச் சொன்னேன்."

"சுருக்கமா." அவர் மேசைமேல் இருந்த பலகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "இந்த மாதிரி நேரத்துல, ஒளிச்ச பாதில என்ன இருக்குன்னு எனக்கு மேல இருக்கறவங்க கேப்பாங்க. அவ தினமும் அலோன்ல யார்கூடப் பேசினான்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

"ஊலே, நான் எதையும் ஒளிக்கல," என்றாள் மகள். ஊலே என்றால் மாமா.

"தெரியும், தமீ. நீ ஒளிக்கல." மகளே என்றுதான் கூப்பிட்டார்.

அவர் போன பிறகு அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நாளைக்கே யாராவது வாசலில் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டால் என் வாயில் முதலில் பாதிப் பதில்தான் வரும். எனக்கு வேறு வழி தெரியாது.

சிபாரிசு வரவில்லை. மழை நின்றது, குளிர் வந்தது. அங்கே அடுத்த பருவம் தொடங்கப் போகிறது, அதற்குள் வராவிட்டால் இடம் போய்விடும் என்று அண்ணன் தொலைபேசியில் சொன்னான். என் கணவர் வேலைக்குப் போகுமுன் வட்டார அலுவலகத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவார். மகள் வீட்டைவிட்டு வெளியே போவதை நிறுத்திவிட்டாள். சன்னல் பக்கம்கூடப் போகமாட்டாள். ரங்கூனில் பெண் பிள்ளையை வளர்த்த எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

ஒரு நாள் கணவர் சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னார்.

"முடிஞ்சுது. போகலாமாம்."

"எப்படிப்பா?"

"ஒரு உறுதிமொழி. நீ வணிகம் மட்டும்தான் படிப்ப. இந்த நாட்டப் பத்தி ஒண்ணும் எழுத மாட்ட. எழுதினா நான் பொறுப்பு."

அவள் தட்டை நகர்த்தினாள். "கையெழுத்துப் போட்டாச்சா?"

"போட்டாச்சு. அட, என்ன பாக்குற? கை என்னுது, படிப்பு உன்னுது. அங்க போயி ரெண்டையும் படி. உளுந்தையும் எழுது. உங்க பல்கலைக்கழகத்து அலமாரில கெடக்கறத இங்க எவன் வந்து படிக்கப் போறான்?"

"படிச்சா?"

"படிச்சா, பரவால்ல, நம்ம மூட்டையப் பத்தி ஒருத்தனாவது படிச்சானேன்னு சந்தோஷப்பட்டுக்கறேன்."

அவர் மட்டும்தான் சிரித்தார். பருவம் தொடங்க ஓரிரு நாள் இருக்கையில் அவள் கிளம்பிப் போனாள். விமான நிலையத்தில் அவள் உள்ளே போய் மறைந்த பிறகும் நாங்கள் நகரவில்லை. யாராவது அவளைத் திருப்பிக் கூட்டி வந்துவிடுவார்கள் என்று விமானம் ஏறும் சத்தம் கேட்கும்வரை நின்றோம்.

அடுத்த கோடையில் புயல் வந்தது. எங்கள் கூரையில் பாதி போனது. தொலைபேசி பல நாள் செத்துக் கிடந்தது. லைன் திரும்ப வந்த அன்று அவள்தான் முதலில் கூப்பிட்டாள். உயிரோடு இருக்கிறோம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, நான் ஒரு பாதிய விட்டுட்டேன். போன மாசமே எழுதிக் கொடுத்துட்டேன். இனிமே நீங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

எனக்குப் புரிந்தது. எங்கள் லைனை வேறு யாரும் கேட்கிறார்களா என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. அதனால் ஏன் என்று கேட்கவில்லை. "நல்லது," என்றேன், கொஞ்சம் உரக்க.

"அப்பா பேரப் போட்டு ஒரு தாள் அந்த அலுவலகத்துல இருக்கும்போது என்னால ஒரு வரிகூட எழுத முடியலம்மா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

கணவர் பக்கத்தில்தான் நின்றார். கூரை வேலை செய்த சேற்றுக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு ரிசீவருக்காக நீட்டினார். கொடுத்தேன். அங்கே குளிரா என்று கேட்டார். என் அண்ணனைப் பற்றி விசாரித்தார். பிறகு கேட்டார், "படிப்பு எப்படிம்மா போகுது? ரெண்டும்?"

அவள் நிறைய நேரம் பேசினாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், இடையில் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். லைன் அறுந்ததும் ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ரெண்டுமே நல்லாப் போகுதாம்."