சட்டைக்குப் பார்த்த ஜுரம்

அந்த வீட்டில் அவளுக்கு முழங்கை என்று பேர். வைத்தவர் பெரியவர்தான். அவரைக் குளிப்பாட்டும் முன் வாளித் தண்ணீரில் வலது முழங்கையை முக்கிப் பத்து எண்ணுவாள். "என்ன முழங்கை, தீர்ப்பு என்ன?" என்று அவர் சீண்டினாலும் எண்ணி முடிக்காமல் வாய் திறக்கமாட்டாள்.

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். முதல் வீட்டில் உள்ளங்கையால்தான் சூடு பார்த்தாள். சோப்பும் மருந்துத் தண்ணீரும் தின்ற கைக்குச் சூடு எங்கே தெரியும்? அந்த வீட்டு அம்மாளின் குதிகால் கொப்பளித்துவிட்டது. ஆற ஏழு வாரம். யாரும் அவளைத் திட்டவில்லை. தினமும் கட்டு மாற்றியவள் அவளேதான், அந்தத் தண்டனையே போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து முழங்கைதான்.

பெரியவருக்குச் சர்க்கரை. முழங்காலுக்குக் கீழே சுரணை இல்லை. கொதிக்கிற தண்ணீரில் கால் வைத்தாலும் பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். இன்னொரு கொப்புளம் வந்தால் பாதத்தை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மகன் கெட்டிக்காரன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வெந்நீர் டாங்கில் ஒரு சென்சாரை ஒட்டினான். குளியலறைச் சுவரில் அதற்கு ஒரு சின்னத் திரை. முதலில் இருபத்தொன்பது காட்டியது. டாங்கின் சூட்டுத் திருகை மூன்று தடவை ஏற்றி முப்பத்தேழுக்குக் கொண்டுவந்தான்.

"இனிமே பச்சத்தண்ணி கலக்க வேணாம்க்கா. நம்பரப் பாத்துட்டு அப்படியே பிடிங்க. நாப்பதத் தாண்டினா அதுவே கத்தும்."

"சரி தம்பி."

திங்கட்கிழமை காலை முப்பத்தேழு என்றது திரை. அகலமான பேசினில் தண்ணீர் பிடித்தாள். ஆவி பறந்தது, குளிர்நாளில் எப்போதும் பறப்பதுதான். நாற்காலியில் இருந்த பெரியவர் தன் வலது காலை இரண்டு கையாலும் தூக்கி, பேசினுக்கு மேலே நீட்டினார்.

"நம்பர்தான் வந்தாச்சே. வைக்கட்டுமா?"

"இருங்கய்யா."

"மிஷினே சொல்லுது. உனக்கு வேல போயிடும்னு பயமா?"

அவள் குனிந்து முழங்கையை விட்டாள். ஒன்றுகூட எண்ணவில்லை. அதே கையால் பேசினைச் சுவரோரம் தள்ளினாள். பெரியவரின் கால் வெறும் தரையில் வந்து இறங்கியது.

முதலில் அவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பிறகு குழாயின் பச்சைத் தண்ணீரில் இருபது நிமிஷம் முழங்கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். பெரியவர் அன்றைக்கு வேறு ஜோக் எதுவும் அடிக்கவில்லை.

போன் போட்டதும் மகன் மதியம் ஓடிவந்தான்.

"முப்பத்தேழுதானேக்கா காட்டுது?"

"எங்க ஒட்டினீங்க?"

காட்டினான். டாங்கின் வெளித்தகட்டில், நடு வயிற்றில். அவள் விரலால் தட்டிப் பார்த்தாள். உள்ளே பஞ்சு அடைத்த சத்தம்.

"டாங்க் சட்டை போட்டிருக்கு தம்பி. நீங்க சட்டைக்கு ஜுரம் பாத்திருக்கீங்க. அக்குள்ல வைங்க."

அவன் மின்சாரத்தை அணைத்தான். பக்கத்து மூடியைக் கழற்றி, பஞ்சை விலக்கி, உள் இரும்போடு சென்சாரை அழுத்தி ஒட்டி மூடினான். மின்சாரம் வந்ததும் எண் ஏறத் தொடங்கியது. நாற்பதில் கத்தியது. கத்திக்கொண்டே அறுபத்தெட்டில் போய் நின்றது.

அவன் திரையைப் பார்த்தான், பிறகு அவளுடைய முழங்கையைப் பார்த்தான். "அப்பா காலு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"கால் நல்லா இருக்கு. திருகை இறக்குங்க."

மறுநாள் பேசினில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரை விட்டாள். வலது முழங்கையில் கட்டு இருந்ததால் இடது முழங்கையை முக்கினாள்.

"அதான் மிஷினச் சரி பண்ணியாச்சே, இன்னும் என்ன?" என்றார் பெரியவர்.

"அது டாங்குக்கு. இது காலுக்கு."

அவர் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவள் பத்து எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தார்.