ஐந்தெழுத்துப் பக்கம்

நேற்று மல்லேஸ்வரத்தில் மெட்ரோ ஏறினேன். பக்கத்து இருக்கையில் ஒரு பெண் கைப்பேசியில் ஏதோ சொல் விளையாட்டில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து எழுத்து, நடுவில் யூ வேண்டும், ஜே வேண்டும், அர்த்தத்தோடு வேண்டும் என்று ஆங்கிலத்தில் தட்டினாள். கதவு மூடுவதற்குள் பட்டியல் வந்துவிட்டது. அடுத்தவர் கைப்பேசியை எட்டிப் பார்ப்பது தப்பு. பார்த்தேன். அதே பட்டியலைக் கையால் தயாரிக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று, அதுவும் தப்பும் தவறுமாக.

தொண்ணூற்றாறு வாக்கில் கன்டோன்மென்ட் பக்கம் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தேன். திருப்பத்தூரிலிருந்து வந்தவன். என் ஆங்கிலம் எழுத்தில் நிற்கும், வாயில் நிற்காது. வரவேற்பில் டெலிபோன் பார்த்த மெர்சிக்கு ரிச்சர்ட்ஸ் டவுனில் வீடு. சனிக்கிழமை மத்தியானங்களில் அவள் அப்பா சாப்பாட்டு மேஜையில் பலகையை விரித்து, எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் கோக்கும் ஆட்டம் நடத்துவார். ஆள் குறைந்த ஒரு வாரம் மெர்சி என்னைக் கூட்டிப்போனாள். முட்டை பஃப்ஸும் இஞ்சி டீயும் வரும். இதை எழுதும்போதே மேல் மடிப்பு உதிர்ந்து சட்டையில் விழுகிறது.

அந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. சொல்லை வைத்தவன் அர்த்தம் சொல்ல வேண்டும்; இல்லையென்றால் கட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஆட்டத்தின் நடுவே அகராதியைத் திறக்கமாட்டார்கள். விருந்தாளியைச் சந்தேகப்படுவது மரியாதை இல்லையாம். முதல் வாரம் நான் நான்கு முறை கட்டையைப் பொறுக்கினேன். மெர்சி எதிரில் உட்கார்ந்து பொறுக்குவது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அதனால்தான் அந்த நோட்டு. எழுத்துக் கணக்குப்படி பகுதிகள். ஐந்தெழுத்துப் பகுதியில் க்யூ, ஜே, எக்ஸ், இஸட் ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கங்கள். வரிசை எண், சொல், அர்த்தம் என்று மூன்று கட்டம், ஸ்கேல் வைத்துப் போட்டது. மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள். என் சட்டைப்பை அகராதியில் நாற்பத்தொன்றுக்கு அர்த்தம் கிடைக்கவில்லை. எனக்குக் காலிக் கட்டத்தைப் பார்த்தால் தூக்கம் வராது. பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று பென்சிலால் ஊகித்து நிரப்பினேன்: ஒரு வகைப் பறவை, ஒரு வகைத் துணி, ஒரு வகை மீன். ‘ஜவுஸ்ட்’ என்பதற்கு, பஸ் படிக்கட்டில் முழங்கையால் வழி செய்துகொள்வது.

ஒரு தசரா விடுமுறையில் நோட்டு முழுவதையும் ஒரே சீராக நீல மையில் எழுதி, பென்சிலை அழித்துவிட்டேன். பார்க்க அச்சடித்தது போல இருந்தது. எது அகராதி, எது நான் என்பது மட்டும் தெரியவில்லை. சனிக்கிழமைகளில் எல்லாவற்றையும் ஒரே முகத்தோடு சொல்லி வந்தேன். அங்கிள், அதாவது மெர்சியின் அப்பா, தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வார்.

இரண்டாயிரம் பிறந்த புதிதில் மெர்சி, வெளிநாட்டு அழைப்புகளைக் கவனிக்கும் கம்பெனி ஒன்றுக்கு மனுப் போட்டாள். எழுத்துத் தேர்வில் சொல்லுக்கு அர்த்தம் கேட்பார்களாம். எங்கள் முதலாளி டெலிபோன் மேஜையையே எடுத்துவிடப் போவதாகப் பேச்சு இருந்ததால் அவளுக்கு அந்த வேலை கிடைத்தே ஆக வேண்டும். நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் நாற்பத்தொன்றுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன். எதையும் விடாமல் எழுதுகிற நான், அன்றைய டைரியில் ‘லேசான மழை. நோட்டு கொடுத்தாயிற்று’ என்று எழுதியிருக்கிறேன்.

பத்து நாள் தாங்கினேன். தேர்வுக்கு முதல் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், டப்பாவைத் திறக்காமலே சொல்லிவிட்டேன். நாற்பத்தொரு அர்த்தம் என் சொந்தச் சரக்கு, எவை என்று எனக்கே தெரியாது, மன்னிக்க வேண்டும்.

மெர்சி புளியோதரையை மென்று முடித்தாள். “நாப்பத்தொண்ணா? எண்ணத் தெரியாதா மேன்? அம்பத்தேழு.”

சரி என்று நான் நம்பியதிலேயே பதினாறு தப்பு.

“உங்களுக்கு எப்படி...”

“வீட்ல தலகாணி சைஸ்ல டிக்‌ஷனரி இருக்குதே. நீ கேட்டைத் தாண்டினதும் டாடி அதைத் தொறப்பாரு. நாலு வருசமா எங்க சனிக்கிழமை சாயந்திரமே அதான். ஒரு வாரம் நீ எல்லாத்தையும் கரெக்டா சொல்லிட்ட. அன்னிக்கு டாடிக்கு ஒரே பேஜார்.”

காது மடல் சுட்டது. பிறகு டப்பாவைத் திறந்தேன். பசித்தது.

அவள் தேறினாள், போனாள். டெலிபோன் மேஜை போன இடத்தில் ஒரு தொட்டிச்செடி வந்தது. அங்கிள் காலமானபின் வீட்டை விற்றுவிட்டார்கள். அங்கே இப்போது நான்கு மாடி. அகராதி எங்கே போயிற்று என்று கேட்க எனக்கு ஆளில்லை.

நோட்டு திரும்பி வந்தது. ஐம்பத்தேழு இடத்தில் பென்சிலால் சரியான அர்த்தம் எழுதியிருந்தாள். ‘ஜவுஸ்ட்’ எதிரில், குதிரைமேல் ஏறி ஈட்டியால் மோதிக்கொள்வது என்று எழுதி, கீழே ஒரு வரி: ‘ஆனா சிவாஜிநகர் பஸ்ஸுக்கு உன்னோடதுதான் கரெக்ட்.’ மற்ற ஐம்பத்தாறையும் அடித்தவள், அந்த ஒன்றை மட்டும் அடிக்கவில்லை.

மெட்ரோப் பெண்ணின் பட்டியலிலும் அந்தச் சொல் இருந்தது, குதிரையோடு. வண்டி நின்றது. எல்லோரும் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் ஒதுங்கி வழி விட்டார்கள். யார்மேலும் முழங்கை படாமல் இறங்கினேன்.