பதிவு அலுவலகம் கொடுத்த பெட்டி

சுவிட்சர்லாந்தின் லாங்கன்தால் ஊரில் வந்து இறங்கிய வாரமே, இந்த வீட்டில் குடியேறிவிட்டோம் என்று நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டியிருந்தது. பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், திருமணச் சான்றிதழ் எல்லாவற்றையும் புரட்டிய பெண், என்ன மதம் என்றும் கேட்டாள். இது இவளுக்கு எதற்கு? கணவர் சாவகாசமாக "இந்து" என்றார். நான் அவரை முறைத்தேன். சென்னையில் நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். "ஒண்ணு சரியில்லேன்னாலும் குழந்தையைத் தூக்கிட்டு அடுத்த ஃபிளைட் ஏறிடுவேன்" என்று சொல்லித்தான் கிளம்பியிருந்தேன்.

குழந்தை சிணுங்கவே வெளியே தூக்கிப் போனேன். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால், அந்தப் பெண் ஒரு சிறிய பெட்டியை நீட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். இவர் தலையாட்டிவிட்டு அதைக் கோட்டின் உள்பையில் செருகினார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். ஏதோ மறைக்கிறார்.

"என்ன குடுத்தா?"

"ஒண்ணுமில்ல, ஊர் மேப்."

மேப்பை எந்த ஊரில் பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள்?

அன்றிலிருந்து சொல்லாமலே பாத்திரம் கழுவினார். என் ரசத்தை வேறு பாராட்டினார். கிளம்பும் முன் எடுத்த மருத்துவப் பரிசோதனையின் முடிவை அவர் என்னிடம் காட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் வேலைக்குப் போனதும் வீட்டைக் குடைந்தேன். ஸ்வெட்டர்களுக்கு அடியில் இருந்தது. உள்ளே மாத்திரைகள். மேலே ஜெர்மன் எழுத்து. கூகுளிடம் கேட்கத் தைரியமில்லை. தலைவலி என்றாலே அது புற்றுநோயில் கொண்டுபோய் நிறுத்தும். அரசாங்கத்துக்கே தெரிந்த நோய் பெண்டாட்டிக்குத் தெரியக் கூடாதா? அழுகையும் ஆத்திரமுமாகப் பெட்டியைக் கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அக்காவிடம் கொண்டுபோனேன்.

"ஐயோ தங்கச்சி, இது எங்கட வீட்டிலயும் கிடக்குது. அணு உலை பக்கத்தில இருக்கெல்லோ? அதில ஏதும் நடந்தா விழுங்கிறதுக்கு எல்லாருக்கும் குடுக்கிறவை" என்றார் அவர்.

கணவருக்கு நோய் இல்லை. அது தெரிந்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அணு உலை என்ற சொல் மண்டையில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. உலகத்திலேயே பத்திரமான நாடு என்று இவர் அளந்ததெல்லாம் பிறகுதான் ஞாபகம் வந்தது.

மாலையில் அவர் வந்ததும் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"ஏன் ஒளிச்சு வெச்சீங்க?"

"சொன்னா நீ போயிடுவியோன்னு பயந்துட்டேன்" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. குழந்தை பெட்டிக்குக் கை நீட்டவே, எடுத்துப் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில் உயரத்தில் வைத்தேன்.

"மூணு பேருக்கும் போதுமான்னு அந்த ஆபீஸ் பொண்ணுகிட்ட கேட்டீங்களா?" என்றேன்.