தலையைத் தூக்குங்க, பாண்டியம்மா

மாரியாத்தாளை நம்பி இங்கே கூடியிருக்கும் சொந்தங்களே, உங்களோடு விளக்கு பூஜையில் உட்கார ஆரம்பித்து நாலு வருடமாகிறது. ஒவ்வொருவரும் எழுந்து ஆத்தா தங்களுக்குச் செய்ததைச் சொல்லும்போது நான் குனிந்து திரியைத் தூண்டிக்கொண்டிருப்பேன். எனக்கும் அவள் செய்தாள். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், என்னால் ஒரு மனிதர் செத்ததையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை.

நான் நர்ஸ். நம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். 2002, ஐப்பசி மாதம். கோம்பைப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்த பெருமாள் என்பவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முதுகில் மாட்டியிருந்த டேங்க் ஒழுகி, உடம்பெல்லாம் பூச்சிமருந்து. வாயில் நுரை. கண்ணின் கருமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, டாக்டர் சொன்னபடி விஷத்தை முறிக்கும் அட்ரோபின் ஊசி போட்டுக்கொண்டே இருந்தோம். மறுநாள் கண் விழித்தார். மூன்றாம் நாள் கஞ்சி குடித்தார். அவருடைய மனைவி பாண்டியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நல்லா இருக்காரு. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்றேன்.

அன்று பகல் பதினொரு மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். "தாயி, தலையத் தூக்க முடியல. பாறாங்கல்லு மாதிரி இருக்கு."

"மூணு நாளு படுத்தே கெடந்தீகல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

நாலு மணிக்குப் பார்த்தபோது உதடு நீலமாகியிருந்தது. மூச்சு இல்லை. டாக்டர் ஓடி வந்தார். அரை மணி நேரம் போராடினோம். வரவில்லை.

டாக்டர் திட்டவில்லை. கை கழுவிக்கொண்டே ஒன்று கேட்டார். "சிஸ்டர், கழுத்துல பலம் இருக்கான்னு பாத்தீங்களா? இந்த மருந்துல தெளிஞ்ச பிறகும் ரெண்டு மூணு நாள்ல கழுத்து தளரும். அடுத்தது மூச்சுதான்."

நான் பார்க்கவில்லை. அவரே வாய் திறந்து சொல்லியும் எனக்குக் கேட்கவில்லை.

பாண்டியம்மாளின் அண்ணன் செல்லையா வாசலில் நின்று, "நல்லாருக்காருன்னு சொன்னியே, எங்க மச்சான் எங்க?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அதன் பிறகு நான் ஆளாக இல்லை. சோறு இறங்கவில்லை. வார்டுக்குள் நுழைந்தால் அந்தக் கட்டில்தான் தெரியும். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதி, மடித்து, பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். எங்கள் தெரு மாரியம்மன் கோயிலைக் கடந்துதான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். எந்த முகத்தோடு பார்ப்பது?

கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, கால் அங்கேயே நின்றுவிட்டது. செருப்போடு வாசலிலேயே நின்று கேட்டேன்: "ஆத்தா, அந்த மனுசனைத் திருப்பிக் குடுன்னு கேக்க முடியாது. என்னை மன்னிச்சிருன்னு கேக்கவும் கூச்சமா இருக்கு. இன்னொரு உசுரு இப்படி என் கையில வந்தா, என் கண்ணை மறைச்சிராத." அவ்வளவுதான். மனம் லேசாகவில்லை. ஆனால் அன்று வீட்டுக்குப் போய், டிரங்குப் பெட்டியிலிருந்த என் பழைய பாடப் புத்தகங்களை எடுத்தேன். தினமும் படித்தேன். புரியாததை டாக்டரிடம் கேட்டேன். கண் பாட்டுக்கு ஒழுகும், கை பாட்டுக்கு எழுதும்.

2003, ஆடி மாதம். காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு டெம்போவில் ஒரு பெண்ணைக் கொண்டு வந்து இறக்கினார்கள். அதே நாற்றம். அதே நுரை. சேலையை விலக்கி முகத்தைப் பார்த்தேன். பாண்டியம்மாள்.

புருஷன் போன பிறகு அவளுக்குத் தோட்டத்தில் மருந்து கலக்கும் வேலை. மருந்தடிக்கும் ஓஸ் வெடித்து மேலெல்லாம் கொட்டிவிட்டது. நான் ஆத்தாளிடம் கேட்டது இப்படி வரும் என்று நினைக்கவே இல்லை. "இவளையா அனுப்புவே?" என்று மனதுக்குள் கத்தினேன்.

செல்லையா என்னைப் பார்த்ததும் குறுக்கே வந்தார். "இந்தம்மா என் தங்கச்சியத் தொடக்கூடாது." அப்போது வார்டில் வேறு நர்ஸ் இல்லை. நான் அவரைச் சுற்றிக்கொண்டு போய்த் தொட்டேன்.

மறுநாள் அவளுக்கு நினைவு வந்தது. என்னைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லாருக்கேன்னு மட்டும் சொல்லிராதீக தாயி. அவருக்கும் அப்படித்தான் சொன்னீக."

நான் சொல்லவில்லை. மணிக்கு ஒரு தடவை கட்டிலருகே போய், "தலையத் தூக்குங்க, பாண்டியம்மா" என்பேன். தலையணையிலிருந்து தூக்குவாள். ஒரே மூச்சில் எண்ணச் சொல்வேன். இருபது, இருபத்திரண்டு வரை போவாள். லீவு போடாமல், இரவு நர்ஸிடம் இதையே செய்யச் சொல்லிவிட்டு, வீட்டுக்குத் தூங்க மட்டும் போய் வந்தேன்.

மூன்றாம் நாள் காலை பத்து மணி. "தலையத் தூக்குங்க, பாண்டியம்மா." தாடை அசைந்தது. தலை அசையவில்லை. எண்ணச் சொன்னேன். ஒன்பதில் மூச்சு முட்டியது. டாக்டரைத் தேடி ஓடினேன். வெளிநோயாளிக் கூட்டத்தில் இருந்தார். "ஆக்சிஜன் அளவு சரியாத்தானே இருக்கு சிஸ்டர்?" என்றார். "சார், அது குறையறப்ப நேரம் இருக்காது. வந்து கழுத்தப் பாருங்க" என்றேன். நான் டாக்டரிடம் அப்படிப் பேசியதே இல்லை. எழுந்து வந்தார். பார்த்தார். உடனே மூச்சுக் குழாய் போட்டார்.

எங்களிடம் வென்டிலேட்டர் கிடையாது. மதுரைக்குத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரி வண்டியில் டிரைவர், செல்லையா, நான். குழாயில் மாட்டிய ரப்பர் பையை அமுக்கி அமுக்கி நான்தான் அவளுக்கு மூச்சு. உத்தமபாளையம், சின்னமனூர். தேனியில் ரயில் கேட் போட்டிருந்தார்கள். வண்டி நின்றது. ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தேன். பூஜ்யத்தில் கிடந்தது.

சொந்தங்களே, அந்த இடத்தில் நான் செத்துவிட்டேன். ஆத்தா என்னைக் கேலி செய்கிறாள் என்றே நினைத்தேன். புருஷனும் என் கையில், பெண்டாட்டியும் என் கையில். "ஏன் ஆத்தா, ஏன்?" என்று வாய்விட்டு அழுதேன்.

அழுதுகொண்டிருக்கும்போதே, டாக்டர் சொல்லி நான் நோட்டில் எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்தது. இவளுக்கு நுரையீரல் பழுதில்லை. மூச்சை இழுக்கும் தசைதான் தளர்ந்திருக்கிறது. வெளிக்காற்றே போதும். அமுக்குவதை மட்டும் நிறுத்தக்கூடாது. நான் அமுக்கினேன். நகம் ரோஸ் நிறத்திலேயே இருந்தது.

கேட் திறந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் அவளுடைய சொந்த மூச்சு சுத்தமாக நின்றது. நாடி மட்டும் ஓடியது. என் விரல்கள் மரத்து மடங்கவில்லை. "அண்ணே, கையக் குடுங்க" என்றேன். செல்லையா முட்டி போட்டு உட்கார்ந்து பையை வாங்கினார். நான் எண்ணினேன், அவர் அமுக்கினார். உசிலம்பட்டி தாண்டி, மதுரை வரைக்கும் மாற்றி மாற்றி அமுக்கினோம்.

பாண்டியம்மாள் பதினாறு நாள் மெஷினில் கிடந்தாள். பதினேழாம் நாள் தானாக மூச்சு விட்டாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லப்போவதில்லை. தை மாதம் அவள் எங்கள் தெருக் கோயிலுக்கு வந்தாள். பக்கத்தில் நின்று கும்பிட்டாள். என் நெற்றியில் திருநீறு வைத்தாள். வைத்துவிட்டு, "அவருக்கும் இப்படிக் கூட நின்னுருந்தா இருந்திருப்பாருல்ல?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் "ஆமா பாண்டியம்மா" என்றேன். இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து அழுதோம்.

அந்த ராஜினாமாக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. இன்றைக்கும் பூச்சிமருந்தில் யார் வந்தாலும், தெளிந்த பிறகு நாலு நாள் அவர்கள் கழுத்தைப் பார்க்காமல் நான் வீட்டுக்குப் போவதில்லை. புதிதாக வரும் நர்ஸுகளிடம் பெருமாள் கதையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆத்தா எனக்குச் செய்தது இதுதான். போன உயிர் போனதுதான். அடுத்த உயிரைக் காட்டிக்கொடுத்தாள். காட்டியபோது என் கண் திறந்திருந்தது.

தன் கையால் தப்பு நடந்துவிட்டது என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். அவளிடம் சொல்லுங்கள். அலங்காரமாகச் சொல்ல வேண்டாம், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்குப் போங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே போங்கள். நான் அப்படித்தான் போனேன்.