வாவிக்குள் ஒரு சீதன வீடு

எங்கள் கட்டற்ற மென்பொருள் பாவனையாளர் சங்கம் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் களுவாஞ்சிக்குடியில் ஒரு டியூசன் கொட்டிலில் கூடும். போயாவுக்கு வகுப்பு இல்லை, பிள்ளைகள் இருக்கும் வாங்குகள் காலி. சங்கம் என்றதும் பெரிய கூட்டமென்று நினைக்கவேண்டாம். கொட்டிலின் சொந்தக்காரரான கணித ஆசிரியர் தலைவர். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன் பொருளாளர், பொருள்தான் இல்லை. செட்டிபாளையத்திலிருந்து வரும், அரச கந்தோரில் வேலை பார்க்கும் பெண் செயலாளர். உறுப்பினர் என்று பார்த்தால் நான் ஒருவன்தான்.

மென்பொருளைப் பற்றிப் பேசித் தீர்ந்ததும், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தில் ஊரைக் கீறத் தொடங்கினோம். செய்மதிப் படத்தைத் திரையில் விரித்து, அதன்மேல் ரோடு, கோயில், பள்ளிவாசல், வாவிக்கரை என்று கோடு இழுக்கவேண்டும். நாங்கள் தெரிந்தெடுத்த படம் பளிச்சென்று இருந்தது. அது மாரி வெள்ளத்தில் எடுத்த படம் என்று எவருக்கும் உறைக்கவில்லை. தண்ணீர் தெரிந்த இடமெல்லாம் வாவி என்று நீலம் பூசினோம். நெல்வயல் வட்டைகள் பாதி மூழ்கின. செயலாளரின் வீடும் மூழ்கியது.

இதில் சிரிக்க முடியாதவர் அவர் மட்டும்தான். அவருக்குக் கலியாணம் பேசி வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் அங்கே வந்து குடியிருப்பார். அப்பா மீன் வியாபாரத்தில் மிச்சம் பிடித்து அவருக்கென்று கட்டிய வீடு அது. கொழும்பில் வளர்ந்த மாப்பிள்ளை அதைப் போனில் தேடியிருக்கிறார். புள்ளி வாவிக்குள் நின்றிருக்கிறது.

"ஞாயித்துக்கிழமை பாக்க வாறாங்க சேர். அதுக்குள்ள மாத்துங்க," என்றார் செயலாளர்.

"மாத்தலாம். ஆனா நேரில போய்ப் பாக்காமத் திருத்திறதில்ல எண்டு நாம தீர்மானம் போட்டமே புள்ள," என்றார் தலைவர்.

"கீறக்குள்ள ஆரு சேர் நேரில போய்ப் பாத்தது?"

"தீர்மானம் திருத்திறதுக்குத்தான். கீறுறதுக்கு இல்ல."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "சரி, ஞாயித்துக்கிழமை விடியவே எல்லாரும் போய்ப் பாத்துருவம்," என்று நானாதான் முடித்துவைத்தார்.

ஞாயிறு வரை அடைமழை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாவி ஏறி, வீட்டைச் சுற்றிய வளவுக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றது. உயரமான அத்திவாரம் என்பதால் வீடு மட்டும் நனையவில்லை. தலைவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு வளவின் நடுவில் இறங்கி, போனைத் தலைக்குமேல் பிடித்தபடி, "நம்மட தரவு சரியாத்தான் கிடக்கு!" என்று மகிழ்ந்தார். அந்த மனிதரை அப்படியே தண்ணீருக்குள் அமுக்கிவிட எனக்குக் கை துறுதுறுத்தது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டாரின் வான் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா இதே வாவிக்கரையில், ஆரையம்பதியில் பிறந்தவர். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று தண்ணீரைக் கடந்து வீட்டுக்குள் போய்த் தேத்தண்ணி கேட்டார். மகன் ரோட்டிலேயே நின்றுவிட்டார். காலில் பளபளக்கும் சப்பாத்து. கையில் போன், அதன் திரையில் நாங்கள் பூசிய நீலம்.

"இது வளவா, வாவியா?" என்று எங்களைத்தான் கேட்டார். தலைவர் வாயைத் திறந்தார். நானா பாய்ந்து அவருடைய கையைப் பிடித்து அமர்த்தினார்.

செயலாளர் படியிறங்கினார். புதுச்சேலை நனைய நனைய ரோட்டோரம்வரை நடந்து வந்து மாப்பிள்ளையின் முன்னால் நின்றார்.

"தண்ணி வரும், கொஞ்ச நாள் நிக்கும், போயிரும். நாங்க போகமாட்டம். நீங்க எப்படி?"

பாழாய்ப்போன எங்கள் நீலத்தால் ஒரு பிள்ளையின் வாழ்வு ரோட்டில் நிற்கிறதே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மாப்பிள்ளை போனைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். பிறகு போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். இரண்டு சப்பாத்தையும் கையில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் ஒரு காலை வைத்தார்.

"அங்கால வேணாம், பள்ளம்," என்றார் பெண். "எனக்குப் பின்னால வாங்க."